ஒரு சாண்

பகாவ் பட்டணத்தில், டயர்கடைக்குப் பக்கத்தில்
புதிதாய்த் திறந்த ஷோரூம். உள்ளே குளிர் அதிகம்.
லோகேந்திரன் டையைச் சரிசெய்துகொண்டு
மூன்று தாள்களை மேசையில் போடுகிறான், சீட்டு மாதிரி.
கீழ்விலை. நடுவிலை. மேல்விலை.
"உடம்பு ஒண்ணுதான்க்கா, உடுப்புதான் வேற."

தரைக்கும் வண்டிக்கும் நடுவே
இருநூற்று இருபது மில்லிமீட்டர் என்கிறான்.
மேசைமேல் கையை விரித்து அளக்கிறேன்.
ஒரு சாண்.
பதினாலாம் நம்பர் காட்டு மதகில்
நவம்பர் தண்ணீர் இதைவிட நாலு விரல் குறைச்சல்.
என் பழைய காருக்கு அது கழுத்து வரை.
போன வருசம் ஒரு புதன்கிழமை
செம்பனைக் குலை ஏற்றப் போன டிராக்டர்தான்
எங்களைக் கயிறு கட்டி இழுத்தது.
அன்றைக்கு டயாலிசிஸ் இரண்டு மணிநேரம் பிந்தியது.
நாகரெத்தினத்தின் கால் இரண்டும்
செருப்புக்குள் நுழையவில்லை.

திங்கள், புதன், வெள்ளி.
விடிகாலை நாலரைக்கு, ஹாரன் அடிக்காமல்,
மூன்று வாசல்.
அரியமாலா, பாக் ஹாருன், நாகரெத்தினம்.
ஆளுக்குப் பன்னிரண்டு ரிங்கிட், போக வர.
இருக்கும்போது கொடுப்பார்கள்.

"எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கும்.
ஒண்ணு வழுக்கினா மத்தது தாங்கிக்கும்."
நல்ல ஏற்பாடுதான் தம்பி.
நான் ஏற்றுகிறவர்களுக்கு
இருந்ததே இரண்டு. இரண்டும் நின்றுவிட்டன.

அவன் அடுக்கிக்கொண்டே போகிறான்.
கோடு தாண்டினால் ஸ்டியரிங் தானே திருப்புமாம்.
எங்கள் செம்மண் சாலையில் கோடு போட்டவன் யார்?
கண்ணாடிக் கூரையாம், மேல்விலைக்கு மட்டும்.
செம்பனை மட்டைக்குக் கீழே
வானத்தை எங்கே போய்ப் பார்ப்பது?
சேறு என்று ஒரு பொத்தான். அதற்குப் பக்கத்தில் பனி.
அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.
அவனும் அழுத்திப் பார்த்ததில்லை.
ஓட்டுகிறவர் கண்ணையே பார்த்திருக்கும் கேமரா உண்டு,
இமை கனத்தால் கூப்பிடும்.
இது கொஞ்சம் பிடித்தது.
நாலரை மணிக்கு என் முகத்தைப் பார்க்கிற ஆள்
வேறு யாரும் இல்லை.

தாளின் அடியில், எறும்பு எழுத்தில்,
நட்சத்திரம் போட்டு ஒரு வரி:
சூடேறும் இருக்கை, சில நாடுகளில் மட்டும்.
விரலை அங்கே வைத்தேன்.
"இது வேணும். மூணு சீட்டுக்கும்."
சிரித்துவிட்டான் பிள்ளை.
"இந்த வெயிலுக்கா? நம்ம ஊருக்கு வர்றதே இல்லக்கா."

அவன் பார்த்திருக்க மாட்டான்.
நாலு மணிநேரம் குழாய் வழியே வெளியே சுற்றிவிட்டு
உடம்புக்குத் திரும்பிய ரத்தம்
வீட்டுச் சூட்டை மறந்திருக்கும்.
பதினொரு மணி வெயிலில், ஏசியை அணைத்து,
கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவேன்.
மூன்று பேரும் போர்வைக்குள் நடுங்குவார்கள்.
நான் ஒருத்தி வேர்த்து ஊற்றுவேன்.
பாக் ஹாருனுக்குப் பல் கிட்டித்துப் பேச்சு வராது,
ஆனாலும் எங்கள் சந்து திரும்பும்போது
"தெரிமா காசே" மட்டும் எப்படியோ சொல்லிவிடுவார்.

நடுவிலையில் தோல் இருக்கை, செம்பு நிறத் தையல்.
கீழ்விலையில் துணி.
துணி போதும். தோல் சில்லென்று இருக்கும்.
ஒன்பது வருசத் தவணை. எனக்கு ஐம்பத்தொன்று.
அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பேனாவை வாங்கினேன்.
"என்ன கலர்?"
சேறு தெரியாத கலர்.

தாள்களை அவன் எடுத்து வைக்கிற நேரத்தில்
நிறுத்தியிருந்த வண்டியின் பின்கதவைத் திறந்து
இடப்பக்கம் உட்கார்ந்தேன்.
அது அரியமாலாவின் இடம்.
ஊசி ஏறுகிற கையை எங்கே வைப்பாள் என்று
என் கையை வைத்துப் பார்த்தேன்.
கதவுத் திண்டு கொஞ்சம் தாழ்வு.
துண்டை நாலாய் மடித்து வைத்தால்
சரியாக வரும்.